கலைஞரோடு உட்கார்ந்து பேசப் போகிறீர்களா? கோலாலம்பூர், பினாங்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வருடத்தில் 19 கலைஞர்களோடு உட்கார்ந்து பேசிப் பதிவு செய்திருக்கிறேன். நாதஸ்வரம், தவில், பரதம், ஓவியம், கதை, மேடை நாடகம், உறுமி மேளம், பூக்கட்டு என்று கலவையான பட்டியல். பாதி கோலாலம்பூரில், மீதி பினாங்கில். 15 உரையாடல்கள் வெளிவந்தன. நாலு என் வன்தட்டில் தூங்குகின்றன. இனி வெளியே வரவும் வராது. நாலும் வீணானதற்குக் கலைஞர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தாள் எழுதாமல் விட்டது, ஒரு கூரையைப் பார்க்காமல் உட்கார்ந்தது, பக்கத்துக் கடைப் பாட்டைக் காதில் வாங்காதது, ஒரு பெயரைத் தப்பாக எழுதியது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தொலைபேசியோடு கிளம்ப நினைக்கும் உங்களுக்கு அந்த நாலும் நேராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. யாரிடம் பேசுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் முதலில் தேடுவது பேர் பெற்றவர்களைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர்கள் நல்ல மனிதர்கள், நேரமும் கொடுப்பார்கள். ஆனால் ஏற்கெனவே பல முறை பேசிப் பழகிய பேச்சே திரும்ப வரும். முதல் மூன்று உரையாடலுக்கு அவர்களை விட்டுவிடுங்கள். உங்களுக்கே கேட்கத் தெரியாத காலத்தில் அவர்களிடம் போய் என்ன செய்யப்போகிறீர்கள்?

உங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்புப் பகுதியிலேயே தேடுங்கள். கோயிலில் காலை பூசைக்கு வாசிப்பவர், சமூக மண்டபத்தில் சனிக்கிழமை நடன வகுப்பு எடுக்கும் டீச்சர், தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கும் குழுவின் மாஸ்டர். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்றால் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நிகழ்ச்சிகளுக்குப் போய் முன்வரிசையை விட மேடைக்குப் பின்னால் நிற்பவர்களைக் கவனியுங்கள். ஒப்பனை போடுபவர், உடை தைப்பவர், விளக்குப் பிடிப்பவர் எல்லாரிடமும் கதை இருக்கிறது. பினாங்கில் லெபோ பாசார், லெபோ குவீன் சுற்றுவட்டாரத்தை ஒரு முறை மெதுவாக நடந்தாலே நாலு பேர் கிடைப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும். மாலை கட்டும் அக்கா ஒருவரிடம் போய், "உங்க கலையைப் பத்திப் பேசணும்" என்றேன். "நான் என்ன கலைஞரா தம்பி? பூ கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் போய், "இந்த மாலைக்கு அரளியும் துளசியும் மாத்தி மாத்தி வச்சிருக்கீங்களே, எண்ணிக்கை எப்படி?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். 'கலை' என்ற சொல்லைப் பையிலேயே வைத்திருங்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

2. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அழையுங்கள்

தேதி தெரியாமல் அழைத்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். அது மறுப்பு இல்லை. அவர்களுக்கு அப்போது வேலைக்காலம்.

மங்கல இசைக்காரர்களுக்குத் தை, வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் மூச்சு விட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் குறைவு. ஆனால் ஆடியில் அம்மன் கோயில் திருவிழா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் வித்வான்களுக்குக் காலை பூசை முடிந்து மாலை பூசை தொடங்கும்வரை உள்ள இடைவெளிதான் நல்ல நேரம். சாப்பிட்டதும் சிறிது படுப்பார்கள், அதையும் விட்டுவிட்டு 3 மணிக்குப் போங்கள். உறுமிக் குழுக்களை தைப்பூசத்துக்கு முன் தொந்தரவு செய்யாதீர்கள். பத்துமலையானாலும் சரி, பினாங்கு தண்ணீர்மலையானாலும் சரி, முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனால் தொண்டை சரியாகி உட்கார்ந்து பேசுவார்கள். நடன டீச்சர்களுக்கு நவராத்திரியும் பள்ளி விடுமுறையும் ஆகாது. வார நாள் காலை அவர்களுக்கு ஓய்வு.

மலாய்க் கலைஞர்களை ரமலானில் பார்ப்பதென்றால் காலையில் போங்கள், மாலை 5க்குமேல் வேண்டாம். பினாங்கில் பொத்தேஹி பொம்மலாட்டக்காரர்களையும் சீன மேடை நாடகக்காரர்களையும் சந்திக்க ஆசையிருந்தால், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், ஏறத்தாழ ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில், ஆட்டத்தை மட்டும் பாருங்கள். பேச்சை அந்த மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹொக்கியன் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது அவசியம். என்னுடைய பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், அங்கே பாதி வழிதான் வந்தது.

முதல் அழைப்பிலிருந்து வெளியீடு வரை ஒரு உரையாடலுக்கு எனக்கு 6 முதல் 8 வாரம் ஆகிறது. ஒரு மாதத்தில் நாலு முடித்துவிடலாம் என்று முகநூலில் அறிவித்துவிடாதீர்கள். நான் அறிவித்தேன்.

3. வீட்டுப்பாடம்

ஒரு நடன டீச்சரிடம் மிக நன்றாகப் பேசினேன். இரண்டரை மணி நேரம். முன்னோட்டமாக நாலு வரி வெளியிட்டபோது அவருடைய குருவின் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அதே பாணியில் புகழ்பெற்ற வேறு ஒருவரின் பெயர். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அவர் கத்தவில்லை. "இதை எடுத்துடுங்க, மத்ததையும் போட வேண்டாம்" என்றார். பாரம்பரியக் கலைகளில் குரு பெயர் என்பது விலாசம் மாதிரி. அதைத் தவறவிட்டால் மீதியெல்லாம் தவறான வீட்டுக்குப் போய்ச் சேரும். இது நாலில் முதலாவது.

ஆகவே மூன்று விஷயத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உரையாடலின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே எழுத்துக்கூட்டிச் சொல்லக் கேளுங்கள்: குருமார் பெயர், ஊர்ப் பெயர், முதல் மேடை. வயதானவர்கள் ஆண்டுகளைக் கலந்து சொல்வார்கள். அது பொய் இல்லை, ஞாபகம். பழைய செய்தித்தாளில் பார்த்துவிட்டால் தீர்ந்தது. தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுவிட்டது, அதன் பழைய இதழ்களைப் பெரிய நூலகங்களில்தான் கேட்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. அந்தக் காலத்து மலாயா நிகழ்ச்சிகளும் அதில் அகப்படும். பெயரை நாலு விதமாக எழுதித் தேடுங்கள்.

பேர் பெற்றவர்களிடம் போகும்போது இன்னொரு எச்சரிக்கை. ஒடிசி நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் 1983இல் சூத்ரா நடன அமைப்பைத் தொடங்கியவர். அவரைப் போன்ற ஒருவரிடம் போய், மலாய்க்காரர் ஒடிசி ஆட வந்தது எப்படி என்று முதல் கேள்வி கேட்பவர் வீட்டுப்பாடம் செய்யாதவர். அதற்கான பதில் பல இடங்களில் அச்சில் கிடக்கிறது. அதைப் படித்துவிட்டு, அதற்கு அடுத்த கேள்வியோடு போங்கள்.

4. ஒப்புதல் தாள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எழுபது வயதைக் கடந்த ஒரு நாதஸ்வர வித்வான் என்னோடு மூன்று முறை உட்கார்ந்து பேசினார். "போடுங்க தம்பி, எதுக்குக் கடுதாசி எல்லாம்" என்றார். எனக்கும் தாளை நீட்டக் கூச்சமாக இருந்தது. மூன்று மாதத்தில் அவர் தவறிவிட்டார். மகன், "அப்பா கூட வாசிச்சவங்களைப் பத்திச் சொன்னதெல்லாம் வெளிய வேண்டாம் அண்ணே" என்றார். அவர் சொன்னது நியாயம். தாள் இருந்திருந்தால் அப்பா எதற்குச் சரி சொன்னார், எதற்குச் சொல்லவில்லை என்றாவது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது அது.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதும் பயன்படுத்த அனுமதி கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். படைத்தவரின் உரிமை அவர் இறந்து 50 ஆண்டு வரை தொடர்கிறது. அதனால் வாய்ச்சொல் அனுமதியை வைத்துக்கொண்டு புத்தகம் போட நினைக்காதீர்கள்.

தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் இப்போது பயன்படுத்துவதில் உள்ளவை: பேசியவர், பதிவு செய்தவர், தேதி, இடம், எழுத்து, ஒலி, படம் மூன்றில் எதற்குச் சம்மதம், எங்கெங்கே வரலாம், புத்தகமாகவும் வரலாமா, பேச்சின் நடுவே வாசித்ததோ பாடியதோ ஆடியதோ சேருமா, வெளியிடுமுன் படித்துப் பார்க்கும் உரிமை, எத்தனை நாளுக்குள் திருத்தம் சொல்லலாம், வேண்டாமென்று சொன்னால் எப்போது எடுப்பேன், அவர் இல்லாத காலத்தில் யாரைக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெயர் எழுதித் தருகிறார்கள்.

தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. பேரப்பிள்ளைகள் மலாயில் படிப்பார்கள். இரண்டு படி, ஒன்று அவரிடமே விட்டுவிடுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள், அந்த வாசிப்பையும் பதிவில் வைத்திருங்கள். பணப் பரிமாற்றமோ புத்தக ஒப்பந்தமோ இருந்தால் தாளில் முத்திரை வரி கட்டிக்கொள்வது நல்லது. சாதாரண ஒப்பந்தத்துக்கு 10 வெள்ளி (ரிங்கிட்), கையெழுத்திட்ட 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

ஐசி (அடையாள அட்டை) நகல் மட்டும் கேட்காதீர்கள். எதற்கு அது? அந்த எண்ணின் முதல் 6 இலக்கமே பிறந்த தேதி. உங்கள் மடிக்கணினி தொலைந்தால் அவர்கள் விவரமும் தொலைந்தது. பெயரும் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் போதும்.

பழைய புகைப்படங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆல்பத்தைத் திறந்து, "எடுத்துக்கங்க" என்பார்கள். படம் அவருடையது, ஆனால் எடுத்தது ஸ்டூடியோக்காரரோ பத்திரிகைப் படப்பிடிப்பாளரோவாக இருக்கலாம். பின்பக்க முத்திரையையும் சேர்த்துப் படமெடுத்து, யாரைக் கேட்பது என்று விசாரியுங்கள். குழந்தைகள் இருக்கும் வகுப்பறைப் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் தனியாக வேண்டும்.

5. இடமும் சத்தமும்

மூன்றாவது தோல்வி: செந்தூல் பக்கம் ஓர் ஓவியர் வீடு. பின்கட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. மாலை 4.30க்கு மழை பிடித்தது. காதில் கேட்கும்போது கவிதையாக இருந்தது. பதிவில் ஒரு மணி நேரம் பொரிந்த மிளகாய் மாதிரி ஒரே சத்தம். கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சகஜம். தகரக் கூரை என்றால் காலையில் போங்கள்.

நாலாவது: பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வாசலில் எடுத்த காணொளி. பின்னணியில் பக்கத்துக் கடை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. எனக்கு அது ஊர்ச் சத்தம். இணையத்தில் ஏற்றியவுடன் பாட்டின் உரிமையாளர் சார்பில் தானியங்கிக் கோரிக்கை வந்து ஒலியை நிறுத்திவிட்டார்கள். பேச்சும் பாட்டும் ஒன்றோடொன்று பின்னியிருந்ததால் பிரிக்கவே முடியவில்லை. கடைக்காரரிடம் அரை மணி நேரம் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் நிறுத்துவார்கள், இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

போனவுடன் உட்காராதீர்கள். அறை நடுவில் நின்று ஒரு நிமிடம் வாயை மூடிக் கேளுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி மோட்டார், வாசலில் மைனா. விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு இடைவெளி. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைப் பார்த்த அறையை விட்டுப் பின்னறை கேளுங்கள். பாங்கு சொல்லும் நேரம் தெரிந்து வைத்திருங்கள். அப்போது பேச்சை நிறுத்திக் காத்திருப்பது மரியாதை, பதிவுக்கும் நல்லது.

கருவிக்குச் செலவழிக்கத் துடிக்காதீர்கள். கைத்தொலைபேசியும் 50 முதல் 90 வெள்ளிக்குள் கிடைக்கும் கம்பி வைத்த கிளிப் மைக்கும் முதல் ஐந்து உரையாடலுக்குப் போதும். தொடர்ந்து செய்வேன் என்று தெரிந்த பிறகு தனி ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம், நான் 500 வெள்ளியை ஒட்டிக் கொடுத்தேன். சுருக்காத வேவ் கோப்பில், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் இரட்டைத் தடத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். அட்டையில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்கை எங்கே குத்துவது என்பது ஆளைப் பொறுத்தது. பட்டுச்சேலை சரசரக்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டித் தட்டி மணியடிக்கும். வளையல் போட்ட கையை மேசையில் வைத்துப் பேசும் டீச்சரிடம் நான் ஒரு கைத்துண்டை விரித்து வைத்துவிடுவேன். நாதஸ்வரக்காரர் பேசும்போது ஓர் அளவு, ஊதும்போது வேறு அளவு. பேச்சுக்கு வைத்த அளவிலேயே விட்டால் முதல் ஸ்வரத்திலேயே பதிவு கிழிந்துவிடும். வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தால் கருவியை எடுத்துக்கொண்டு அறை மூலைக்கு ஓடுங்கள். தவிலுக்கு இன்னும் தூரம்.

கோயிலுக்குள் எடுப்பதென்றால் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். குருக்கள் சரி சொன்னது போதாது. தெருவில் கேமராத் தாங்கி, விளக்கு எல்லாம் வைத்துப் படமெடுக்கும் திட்டம் என்றால் கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தையும், பினாங்கில் தீவு மாநகர் மன்றத்தையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மடியில் கருவியை வைத்துப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

6. என்ன கேட்பது

"உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்: கடவுள், அப்பா அம்மா, குரு. மூன்றும் உண்மைதான். ஆனால் 19 பேரிடமும் அதையே வாங்கிக்கொண்டு வந்து என்ன பயன்?

நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று தொடங்குங்கள். ஒரு கதாசிரியர், தொழிற்சாலை இரவு வேலை முடிந்து 7 மணிக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு 9 முதல் 10 வரை எழுதிவிட்டுத் தூங்குவதாகச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே பாதி உரையாடல் போயிற்று. இங்கே பெரும்பாலான கலைஞர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அந்த வேலையை ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் கேட்டால் வாழ்க்கையில் பாதி காணாமல் போகும்.

பொருளைக் கேளுங்கள். நாதஸ்வரக்காரரிடம், ஊதும் முனையான சீவாளி எங்கிருந்து வருகிறது, ஒன்று எத்தனை நாள் தாங்கும், மழைக்காலத்தில் என்ன ஆகும். தவில்காரரின் விரல் கூடுகளைக் காட்டச் சொல்லுங்கள். யார் செய்து கொடுத்தது என்ற கேள்வியில் ஒரு குடும்ப வரலாறே இருக்கிறது. ஓவியரிடம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கும் படத்தைக் கேளுங்கள். நடனக்காரரிடம் முட்டியைக் கேளுங்கள், எந்தத் தரையில் பழகினார் என்று கேளுங்கள். சிமெண்டுத் தரையில் பத்து வருடம் தட்டியவர் உடம்பு அதைச் சொல்லும். உறுமி மாஸ்டரிடம் குழு சட்டைக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கையைக் கவனித்துக் கேட்பது இன்னொரு வழி. பேசும்போதே தவில்காரர் தொடையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். "இப்ப என்ன தட்டினீங்க?" என்றேன். அவருக்கே தெரியவில்லை. யோசித்துவிட்டு, சிறுவயதில் முதலில் கற்ற பாடம் என்றார்.

எல்லாக் கலைக்கும் பொருந்துகிற ஒரே ஒரு கேள்வி எனக்குக் கிடைத்தது, அதை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: "முடிஞ்சிருச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஓவியர், "இன்னொரு தடவ தொட்டா கெட்டுடும்னு பயம் வந்தா" என்றார். கதாசிரியர், ஆசிரியர் தொலைபேசியில் திட்டினால் என்றார். தவில்காரருக்கு நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வை. நடன டீச்சர் வெகுநேரம் யோசித்து, "முடியறதே இல்லைங்க, அடுத்த பொண்ணு உடம்புக்குப் போயிடும்" என்றார். பூக்கட்டும் அக்கா மட்டும் சட்டென்று, "கஸ்டமர் வந்து நின்னா முடிஞ்சது" என்றார். இந்த அஞ்சு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் வெவ்வேறு கலைக்காரர்களைத் தேடிப் போவதில் ஒரு பிரயோசனம் இருப்பது எனக்கே பிடிபட்டது.

கேள்வி முடிந்ததும் அஞ்சு எண்ணுங்கள். வெற்றிடத்தை நிரப்ப நமக்கு வாய் துடிக்கும். அவருக்கும் துடிக்கும். அவர் நிரப்பட்டும்.

கருவியை அணைத்துவிட்டுப் பையைத் தூக்கும்போது வாசலில் ஒரு பேச்சு வரும் பாருங்கள், அதுதான் அன்றைக்கே சிறந்ததாக இருக்கும். அதை எழுத ஆசை வந்தால், "ஐயா, இப்ப சொன்னதைச் சேர்த்துக்கலாமா?" என்று அங்கேயே கேளுங்கள். கேட்காமல் சேர்த்தால் அது திருட்டு.

அழைக்கும் முறையும் முக்கியம். மூத்த வித்வானுக்கு ஐயா. நடனம் சொல்லித் தருபவர் மாணவர்களுக்கு டீச்சர் என்றால் உங்களுக்கும் டீச்சர். உறுமிக் குழுவில் உங்களைவிடப் பத்து வயது சின்னவரானாலும் மாஸ்டர்தான். கட்டுரையிலும் அதே மரியாதையைக் காக்க வேண்டும்; பேச்சில் 'ஐயா' என்றுவிட்டு எழுத்தில் 'அவன்' தொனி வந்தால் குடும்பத்தார் உடனே பிடித்துவிடுவார்கள்.

7. பணம்

கலைஞருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுங்கள். அவருடைய ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த மாலையில் அவர் ஒரு வகுப்பு எடுத்திருப்பார், ஒரு காதணி விழாவுக்கு வாசித்திருப்பார். நான் 200 வெள்ளி உறையில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு கொடுக்கிறேன். சிலர் பணத்தை மறுத்துப் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பேச்சுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். பின்னால் கொடுத்தால் நன்றாகப் பேசியதற்குக் கூலி மாதிரி ஆகிவிடும்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போய் ஒருவரைப் பார்த்துவரும் என் கணக்கு இது. இடிஎஸ் (மின்சார விரைவு) ரயிலில் பட்டர்வொர்த் வரை போக வர 150 வெள்ளியை ஒட்டி, ஒரு வழிக்கு ஏறத்தாழ 4 மணி நேரம், அங்கிருந்து ஃபெரி. ஒரு இரவு தங்க 120. சன்மானம் 200. சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து 80. பென்டிரைவ் 25, அச்சு 15. மொத்தம் 590. ஒரே பயணத்தில் இரண்டு பேர் என்றால் தலைக்கு 415தான் வரும். ஆனால் ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்க்காதீர்கள், இரண்டாமவருக்கு உங்கள் காது இருக்காது. ரயில் சீட்டை நீண்ட விடுமுறை வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஜார்ஜ் டவுன் விழா நடக்கும் நாட்களில் அறை வாடகை ஏறியிருக்கும்.

மானியத்துக்குச் சென்டானா போன்ற அமைப்புகளின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். ரசீது, வரவு செலவுத் திட்டம், முன்பு செய்த வேலையின் மாதிரி எல்லாம் கேட்பார்கள். எனவே முதல் நாளிலிருந்தே ரசீதுகளைப் படமெடுத்து வையுங்கள். சன்மானம் வாங்கியதற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது ஒப்புதல் தாளிலேயே அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.

8. தட்டச்சு, திருத்தம்

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய எனக்கு 7 மணி நேரம் ஆகிறது. குரலை எழுத்தாக்கும் செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். நம் பேச்சில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஓடும். செயலி அதைக் கண்டு மிரண்டுவிடுகிறது. முதல் வரைவுக்கு உதவலாம், அதற்குமேல் காதுதான்.

பேசியபடியே எழுதுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா? என் பழக்கம், விவரங்களை எழுத்துத் தமிழில், சுவையான வரிகளைப் பேச்சுத் தமிழில். இங்கே புழங்கும் மலாய், சீனச் சொற்களை மாற்றவே மாட்டேன். 'தாப்பாவ்' என்று சொன்னவர் வாயில் 'பொட்டலம்' வைத்தால் அது அவர் இல்லை.

வரைவை அச்செடுத்துக் கொடுங்கள், பெரிய எழுத்தில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் படித்துவிட்டு "ஓகே" என்று போட்டுவிடுவான். கலைஞர் படித்திருக்க மாட்டார். 14 நாள் கொடுங்கள். அவர் நீக்கச் சொல்வதில் பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றிய வரிகள் இருக்கும். நீக்கிவிடுங்கள். தன்னைப் பற்றிய தோல்விகளை நீக்கச் சொன்னால் மட்டும் ஒரு முறை நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். அப்படிப் போன மூன்று முறையில் இரண்டு முறை, "சரி, இருக்கட்டும்" என்ற பதில் வந்தது.

9. சேமிப்பு, ஒப்படைப்பு

பதிவு முடிந்த அன்றிரவே மூன்று இடத்தில் படி எடுங்கள்: கணினி, வெளி வன்தட்டு, இணையச் சேமிப்பு. கோப்புப் பெயரில் தேதி, கலை, ஊர் மூன்றும் இருக்கட்டும். 'புதுசு இறுதி 2' என்று பெயர் வைத்த கோப்பை ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் சொல்கிறேன். புத்தகமாகப் போடும் நாள் வந்தால் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தேசிய நூலகத்தை அணுக வேண்டும்; 1986ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியிட்ட படிகளை அங்கே கொடுக்கவும் வேண்டும்.

கலைஞருக்கு முழுப் பதிவையும் பென்டிரைவில் கொடுங்கள், வெட்டிய வடிவத்தை மட்டும் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் அந்தக் குரலின் ஒரே பதிவு அதுவாகத்தான் இருக்கும். அந்த நாதஸ்வர வித்வானின் மூன்று நாள் பேச்சையும் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், "இதுல அப்பா வாசிச்சது இருக்கா, பேசினது மட்டுமா?" என்று கேட்டார். இரண்டாம் நாள், நாற்பத்தோராவது நிமிடத்திலிருந்து என்றேன்.